ஓவியம் படித்தவன் வலைத்தளம் செய்யக் கற்றதும், கற்பிப்பதும்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து வெளியே வருபவருக்குக் காவிரிப் படுகையில் கிடைக்கக்கூடிய வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தஞ்சாவூர் ஓவியப் பட்டறை ஒன்றில் சேர்ந்து பலகையில் துணி ஒட்டி, சுண்ணமாவு பூசித் தேய்த்து, தங்க ரேக்கு ஒட்டலாம். கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும் ஊர்களில் கோபுரச் சுதைகளுக்கு வண்ணம் தீட்டும் குழுவோடு சாரம் ஏறலாம். ஓவிய ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு வரும் வரை காத்திருக்கலாம். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தபோது ஓவியம் படித்தவர்கள் பலர் அதில் சேர்ந்தனர். அந்தத் தொகை பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் ஆண்டுக்கணக்கில் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தன. நான் பட்டறையிலும் சாரத்திலும் சில காலம் இருந்துவிட்டு, மன்னார்குடியில் ஒரு டிடிபி மையத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் அமர்ந்தேன். அங்கிருந்துதான் வலைத்தளம் செய்யும் தொழிலுக்கும், பிறகு அதைக் கற்பிக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தேன். கலைப் பாடம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எனக்குத் தோன்றுவனவற்றை இங்கே எழுதுகிறேன்.

டிடிபி மையத்தின் வேலை வலைத்தளத்துக்கு நான் நினைத்ததைவிட அருகில் இருந்தது. பத்திரிகையில் எது தலைப்பு, எது உபயம், யார் பெயர் முதலில் வர வேண்டும், தாய்மாமன் பெயர் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற வரிசைமுறை தவறினால் கல்யாண வீட்டில் சண்டையே வந்துவிடும். எச்டிஎம்எல் படிக்கத் தொடங்கியபோது, அது ஓர் ஆவணத்தின் எந்தப் பகுதி தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று குறித்துக் காட்டும் முறை என்பதை உடனே புரிந்துகொள்ள முடிந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலை (வேர்ல்ட் வைட் வெப்) என்ற ஏற்பாட்டை முன்மொழிந்தது அறிவியலாளர்கள் தங்களுக்குள் தகவல்களையும் ஆவணங்களையும் பகிர்ந்துகொள்வதற்காகத்தான். தோற்றத்துக்கென்று தனியாக சிஎஸ்எஸ் என்ற முறை தர நிலையை எட்டியது 1996-இல். இந்த முன்பின் வரிசை முக்கியமானது. முதலில் பொருள், பிறகு தோற்றம். ஓவியம் படித்தவர்கள் நிறத்தில் தொடங்கிவிடுகிறார்கள். நிறமே இல்லாமல், வெள்ளைத் திரையில் கருப்பு எழுத்தாக, மேலிருந்து கீழே படித்தால் பொருள் விளங்குகிறதா என்று பார்த்த பின்புதான் சிஎஸ்எஸ் பக்கமே போக வேண்டும் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கற்பதற்குப் பணம் பெரிதாகச் செலவாகவில்லை. 2014-இல் தொடங்கப்பட்ட ஃபிரீகோட்கேம்ப் என்ற பயிற்சித் தளம், மொசில்லாவின் எம்டிஎன் விளக்கப் பக்கங்கள் ஆகிய இரண்டும் இலவசம்; தமிழில் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழின் கட்டுரைகளும் இலவசம். ஆங்கிலத்தில் படித்துப் பழக்கமில்லாத ஒருவர் முதலில் தமிழில் ஒரு முறை படித்துக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் படிப்பது நல்ல வழி. ஆங்கிலத்தைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேவைப்படும் ஆங்கிலம் குறைவு. திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களும், பிழைச் செய்திகளைப் படித்து விளங்கிக்கொள்ளும் அளவும்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மன்னார்குடியைச் சுற்றியிருந்த தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் மடிக்கணினிக்கு மின்னேற்றி எடுத்து வந்து, இணையம் இல்லாமலேயே நான் சிஎஸ்எஸ் பயிற்சி செய்தேன். முன்பே சேமித்து வைத்திருந்த பக்கங்களும், ஒரு பிரவுசரும், நோட்பேடும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. தொடக்க நிலைக்கு இணைய இணைப்பே தேவையில்லை என்பதைப் பல பயிற்சி மையங்கள் மாணவர்களிடம் சொல்வதில்லை. ஒரு கோப்பைத் திறந்து, எழுதி, சேமித்து, பிரவுசரில் பார்க்கலாம். இந்த எளிமை வேறு பல தொழில்நுட்பங்களுக்கு இல்லை.

ஓவியம் படித்தவன் என்றதும் எல்லோரும், "உனக்கு டிசைன் நல்லா வரும், அதையே பிடிச்சுக்கோ" என்று சொன்னார்கள். உண்மையில் ஓவியப் பயிற்சி எனக்கு அதிகம் கைகொடுத்தது வடிவமைப்பில் அன்று, பிழை கண்டுபிடிப்பதில். கல்லூரியில் உருவம் பார்த்து வரையும் வகுப்பில் ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள தூரத்தை அளந்து, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுக் காட்டுவார். "நீ வரைஞ்சிருக்கிறது முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் மூக்கு இல்லப்பா, உனக்குத் தெரிஞ்ச மூக்கு" என்பார். அழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இதை ஆண்டுக்கணக்கில் செய்தவனுக்கு, தான் எழுதியதாக நினைப்பது வேறு, உண்மையில் எழுதியிருப்பது வேறு என்பதில் வெட்கமோ கோபமோ வருவதில்லை. அளந்து பார்க்கத் தோன்றுகிறது. நிரல் எழுதுவதில் பாதி நேரம் இந்த வேலைதான். கணக்கில் திறமையுள்ள பொறியியல் மாணவர்கள் சிலர், நிரல் ஓடவில்லை என்றால் அதைப் பார்க்காமலேயே காரணத்தை ஊகிக்கத் தொடங்கிவிடுவதை நான் பின்னாளில் கவனித்திருக்கிறேன்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளைப் பற்றிய பயிற்சிப் பக்கம் ஒன்றை மாணவர்கள் செய்துகொண்டிருந்தனர். அந்த விளக்கு பாதம், தண்டு, அகல், பிரபை என்று தனித்தனியாக வார்க்கப்பட்டுத் திருகி இணைக்கப்படுவது. கடையில் விலை எடையைப் பொறுத்தது. ஆகவே பாகங்களின் எடையைக் கூட்டி, அன்றைய கிலோ விலையால் பெருக்கினால் விளக்கின் விலை வர வேண்டும். தமிழ் இலக்கியம் படித்த மாணவி ஒருவர் பாதத்துக்கு 2, தண்டுக்கு 3 என்று கொடுத்துவிட்டு, "சார், விளக்கு இருபத்துமூணு கிலோன்னு காட்டுது" என்றார். பக்கத்தில் இருந்த தம்பி கூட்டல் குறியை மாற்றிப் பார், நிறுத்தற்புள்ளியைச் சேர்த்துப் பார் என்று யோசனைகளை அடுக்கினார். நான் அந்தப் பெண்ணிடம், "அது இருபத்துமூணா, இரண்டும் மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். திரையருகே குனிந்து பார்த்தவர், "ஒட்டி நிக்குது சார். கூட்டல, சேர்த்து எழுதியிருக்கு" என்றார். படிவத்தில் தட்டச்சு செய்யப்படும் எதையும் பிரவுசர் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் இரண்டு எழுத்துத் தொடர்களுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் அவற்றை ஒட்டிவிடும். நம்பர் என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிய பிறகு 5 வந்தது. ஆனால் எனக்கு விடையைவிட அவர் அதைக் கண்டுபிடித்த விதமே முக்கியமாக இருந்தது. திரையில் இருப்பதை இருக்கிறபடியே பார்த்தார்.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பொதுவான இன்னொரு பழக்கமும் உதவியது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு தென்னை ஓலை நறுக்கு கிடக்கும். அதை ஒடியோலை என்பார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுமுறைக் கணக்குப்படி மடித்து மடித்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரம் 124 அங்குலம்; தேவியருக்குரிய மத்திம தசதாளம் 120. இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள அங்குலம் அன்று. அந்தச் சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. சிலை ஒரு சாண் ஆனாலும் ஆள் உயரம் ஆனாலும் பொருத்தம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. 2010-இல் ஈத்தன் மார்க்காட் என்பவர் திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பைப் பற்றி எழுதியபோது சொன்ன அடிப்படையும் இதுதான்: அகலத்தைப் பிக்சலில் நிலைநிறுத்தாமல், அடக்கியிருக்கும் பெட்டியின் விழுக்காடாகக் கொடுக்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் விழுக்காடு, இஎம், ரெம், எஃப்ஆர் என்று பல சார்பு அளவுகள் உண்டு. மாணவர்கள் இவற்றில் குழம்பும்போது நான் ஓர் ஓலையை வெட்டி மடித்துக் காட்டுகிறேன். ஓலை எதன் உயரத்துக்கு வெட்டப்பட்டது என்று கேட்டால் போதும். இஎம் என்பது அந்த இடத்தின் எழுத்தளவையும், ரெம் என்பது முழுப் பக்கத்தின் அடிப்படை எழுத்தளவையும் சார்ந்தது என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தந்தையிடமிருந்து வந்தது. அவர் கடைப் பலகை எழுதுபவர். சுண்ணப்பொடி தடவிய நூலைப் பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்துத் தட்டிவிட்டால் நேர்க்கோடு விழும். அந்தக் கோடுகளுக்குள் எனாமல் பெயிண்டால் எழுதுவார். தமிழ் எழுத்துக்கு மேலே இகரச் சுழியும் கீழே உகரக் காலும் இருப்பதால் ஆங்கிலத்தைவிட வரிக்கு வரி அதிக இடம் விட வேண்டும் என்று அப்பா சொல்வார். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அவருக்கு வேலை வரத்து நின்றது. ஆனால் அந்தக் கணக்கை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். ஆங்கிலப் பக்கத்துக்கு 1.4 அல்லது 1.5 வரி உயரம் போதுமாக இருந்தால், தமிழுக்கு நான் 1.7 வைக்கிறேன். ஆங்கிலத்தில் செய்யப்பட்ட வார்ப்புரு ஒன்றை எடுத்துத் தமிழை ஊற்றினால் பொத்தான்கள் உடைவதற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏழெழுத்தில் முடியும் சொல் தமிழில் "தொடர்புகொள்ளவும்" என்று நீண்டுவிடும். பொத்தானின் அகலத்தை நிலையாகக் கொடுக்காமல் உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப வளர விட்டுவிட வேண்டும்.

தமிழ் வலைத்தளம் செய்பவருக்கு இதைவிடப் பெரிய சிக்கல்கள் எழுத்துருவிலும் குறியேற்றத்திலும் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் தரும் தகவல் பெரும்பாலும் பழைய அச்சக வேலையிலிருந்து வருவது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை அப்படியே ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒரு முறை கண்ணால் சரிபார்ப்பது கட்டாயம். தமிழ்99 விசைப்பலகையை 1999-இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது; ஆயினும் என் மாணவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஆங்கில ஒலிப்பு முறையிலேயே தட்டச்சு செய்து பழகியவர்கள். முதல் வாரத்தில் தமிழ்99 பழகச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டுதான் பழகுகிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்டிடம் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது பொறுக்காது. த, மி, ழ் என்று மூன்றெழுத்துதானே என்பார்கள். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து தனித்தனி இடங்கள் இருப்பதால் வரும் கணக்கு அது. வகுப்பறை வியப்போடு இது நின்றுவிடுவதில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு அதிகபட்சம் 12 என்று வரம்பு வைத்தால், எட்டெழுத்துப் பெயரான கிருஷ்ணமூர்த்தி உள்ளே போகாது. அவருக்கு 15 இடம் வேண்டும். நாம் எண்ணுகிறபடியே எழுத்துகளைப் பிரித்துத் தரும் செக்மென்ட்டர் என்ற வசதி இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அகரவரிசையிலும் இதே தொல்லை. ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தும்படி ஜாவாஸ்கிரிப்டிடம் சொன்னால், யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், மன்னார்குடி முதலிலும் மயிலாடுதுறை பின்னரும் வரும். அகராதியில் ன கடைசி எழுத்து. மயிலாடுதுறைதான் முதலில் வர வேண்டும். தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று மொழியைக் குறிப்பிட்டுக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடுகிறது. தமிழ் இலக்கியம் படித்த ஒருவர் இந்தப் பிழையைப் பார்த்த உடனே பிடித்துவிடுவார். பெங்களூரில் அமர்ந்து அந்தப் பக்கத்தைச் செய்தவர் கண்ணில் அது ஆண்டுக்கணக்கில் படாமல் இருந்திருக்கும். கலைப் பாடம் படித்தவர்களுக்கு இந்தத் தொழிலில் என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரிசையைத்தான்.

நிறத்தில் ஓவியர்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம். அதனாலேயே நான் அதில் கடுமையாக இருக்கிறேன். மஞ்சள் மேல் சிவப்பு மங்கலமான சேர்க்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினியின் முழு மஞ்சள் மேல் முழுச் சிவப்பு எழுத்து வைத்தால் ஒளி வேறுபாட்டு விகிதம் 3.7 அளவுக்குத்தான் வருகிறது; சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 இருக்க வேண்டும் என்பது அனைவருக்குமான அணுகுதன்மை விதி. அதே மஞ்சள் மேல் அரக்கு நிறத்தை வைத்தால் விகிதம் 10-ஐத் தாண்டுகிறது. மங்கலமும் குறையவில்லை, கண்புரை உள்ள தாத்தாவும் படித்துவிடுகிறார். பச்சைமேல் சிவப்பு பட்டுப்புடவைக்கு மட்டும் அழகு. பிரவுசரோடு வரும் பரிசோதனைக் கருவியிலேயே இந்த விகிதத்தைப் பார்க்கலாம். வண்ணக் குழம்பில் நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை ஆவதைப் பழகிய கைக்கு, திரையில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்து மஞ்சள் ஆவது சில நாள் எரிச்சலூட்டும், பிறகு பழகிவிடும்.

கற்பிக்கத் தொடங்கியது திட்டமிட்டு நடந்ததன்று. டிடிபி மையத்தில் நான் செய்வதைப் பார்த்த சிலர் கேட்டார்கள். ஹரித்ரா நதிக் குளத்துக்கு அருகே ஒரு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. மாலை வகுப்பு. கோட்டூர், வடுவூர் பக்கங்களிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்து நேரம் தவறிவிடக் கூடாது என்பதால் பாடத்தின் நடுவே மணி பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அவர்களிடம் இருக்கும் மடிக்கணினிகளில் பல, 2011 முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கியவற்றில் மிஞ்சியவை. அக்காவுக்குக் கிடைத்தது, இப்போது தம்பியின் கையில். நிரல் எழுதும் பெரிய எடிட்டர்களை அவை தாங்குவதில்லை. அவற்றிலிருக்கும் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் திறந்து அதிலுள்ள எளிய எடிட்டரிலேயே எழுதச் சொன்னபோது சிலருக்கு மனக்குறை. ஆனால் எடிட்டர் தானாக எதையும் நிரப்பித் தராத காரணத்தால் அவர்கள் குறிகளை மறக்காமல் எழுதக் கற்றார்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் கைப்பேசியில் எழுதுகிறார்கள். எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் அது போதும்; ஜாவாஸ்கிரிப்ட் வந்தவுடன் விசைப்பலகை இல்லாமல் சிரமம்தான், இதில் ஆறுதல் சொல்லிப் பயனில்லை.

ஊரின் வேளாண் காலண்டர் பாடத்திட்டத்தையும் மாற்றியது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வகுப்பு பாதி காலியாகிவிடும். அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வரும் வரை வீட்டில் யாராவது ஒருவர் இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் கல்லூரி படிக்கும் மகன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போகும் பாடத்திட்டம் இங்கே சரிப்படாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு பகுதியும் ஒரு சிறு பக்கத்தோடு முழுமையாக முடியும்படி அமைத்தேன்: ஓர் அழைப்பிதழ், ஒரு விலைப்பட்டியல், பேருந்து நேர அட்டவணை, ஒரு விண்ணப்பப் படிவம். இரண்டு வாரம் வராதவர் அடுத்த பகுதியில் தயங்காமல் சேர்ந்துகொள்கிறார்.

கற்பிக்கும் முறையில் நான் விடாமல் வைத்திருப்பவை சில. நிரலை ஓட்டுவதற்கு முன் திரையில் என்ன வரும் என்பதை ஒவ்வொருவரும் நோட்டுப்புத்தகத்தில் எழுத வேண்டும். ஓட்டிய பின் எழுதியதையும் வந்ததையும் ஒப்பிட வேண்டும். கல்லூரியில் பென்சிலால் அளந்த அளவை இப்படித்தான் இங்கே கொண்டுவர முடிந்தது. பிழைச் செய்தி வந்தால் அதை வாய்விட்டு, வரி எண்ணோடு, முழுவதும் படிக்க வேண்டும். சிவப்பு எழுத்தைக் கண்டதும் ஜன்னலை மூடிவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. சத்தமாகப் படிக்க வைத்தால் அந்தச் செய்தியில் பாதி விடை இருப்பது அவர்கள் காதிலேயே விழுகிறது. முதல் மாதம் மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயரிடச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்துகளைப் பெயராக ஏற்றுக்கொள்ளும். எடை, வீதம், விலை என்று பெயர் வைத்து எழுதினால் நிரல் அப்படியே ஓடும். எது மொழியின் கட்டளைச் சொல், எது நாம் வைத்த பெயர் என்ற வேறுபாடு ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது, ஏனெனில் கட்டளை ஆங்கிலத்திலும் பெயர் தமிழிலும் இருக்கிறது. அந்த வேறுபாடு பிடிபட்ட பிறகு ஆங்கிலப் பெயர்களுக்கு மாற்றிவிடுகிறேன்; நிறுவனங்களில் எழுதும் முறை அதுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் மாணவர்கள் ஒரு கேள்வியில் முழுப் பக்கத்தையும் வாங்கிவிடுகிறார்கள். தடுக்க நான் முயலவில்லை. வாங்கி வந்ததில் எந்த வரியை நீக்கினால் எது மறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நீக்கிக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சொல்ல முடிந்தவர்களுக்கு அந்தக் கருவி நல்ல உதவி. முடியாதவர்கள் வாடிக்கையாளர் முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொழிலாகச் செய்யத் தொடங்குபவர்களுக்கு நிரலைவிட முக்கியமான சில நடைமுறைகள் உள்ளன. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, எப்போதும் வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலுமே பதிவு செய்ய வேண்டும். முன்பு வலைத்தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் போனதால், பல ஆண்டுகள் புழங்கிய முகவரியையே இழந்த ஒரு கடைக்காரர் என்னிடம் வந்திருக்கிறார். அவருக்கு வேறு பெயரில்தான் தொடங்க முடிந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் உண்டு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு அது நாம் கேட்கும் கூடுதல் பணமாகத் தெரியும். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதைத் தாளில் எழுதி, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு தொடங்குவது நம் ஊரில் முகதாட்சண்யத்தால் கடினம். மாமா, சித்தப்பா உறவில் வரும் வேலைக்கு இன்னும் கடினம். இருந்தாலும் செய்யத்தான் வேண்டும். படங்கள் கைப்பேசியில் எடுத்தபடியே வாட்ஸ்ஆப்பில் வரும். ஆவணமாக அனுப்பினால் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. எண்ணூறு பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் நூற்றைம்பது கேபிக்குள் அடங்கிவிடும். சிக்னல் குறைந்த ஊரிலும் பக்கம் திறக்கும்.

வேலைக்குப் போக விரும்புபவர்கள் மூன்று உண்மையான சிறு தளங்களைச் செய்து நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருந்தால் போதும். பெரிய நிறுவனங்கள் சில பொறியியல் பட்டம் இல்லாத விண்ணப்பங்களைத் திறப்பதில்லை. சிறு நிறுவனங்கள் செய்து காட்டச் சொல்கின்றன, அங்கே நம்மவர்கள் தேறுகிறார்கள். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது; 2024-இல் தஞ்சாவூரில் மினி டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகாமல் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கும்போது முன்புபோல் நேரடியாக இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை; தொடக்கச் சம்பளம் இங்கே குறைவு, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம் என்று இரண்டையும் எழுதிக் காட்டி, முடிவை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

ரியாக்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குகளை (ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டப்பட்ட ஆயத்தச் சட்டகங்களை) நான் கற்பிப்பதில்லை. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் ஒரு படிவத்தை எதையும் பார்க்காமல் எழுதி, அதில் வேண்டுமென்றே நான் வைக்கும் பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டால், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அதைக் கற்பிப்பவர்களிடம் அனுப்பிவிடுகிறேன். அதற்கு முன்பே போக வேண்டும் என்று அவசரப்படுபவர்களிடம் நெல் கொள்முதல் நிலையத்தை வைத்து ஒரு பயிற்சியைக் கொடுப்பேன்: மூட்டை எண்ணிக்கையும் ஈரப்பதமும் கொடுத்தால் விவசாயிக்கு வர வேண்டிய தொகையைக் காட்டும் ஒரு பக்கம், தமிழில், கைப்பேசியில் திறக்கும்படி. அதை முடித்துவிட்டுப் போகட்டும்.